துளசி இருந்த விரதம்

கோவிந்தராஜுக்கு எந்த விஷயத்திலும் பாதி என்பது கிடையாது. சந்தோஷம் வந்தால் மாடி முழுக்கக் கேட்கும். கோபம் வந்தால் கீழே டீக்கடை வரைக்கும் கேட்கும். புனேயின் கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் அவருக்குச் செக்கிங் வேலை. லேத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு உருப்படியையும் எடுத்து, அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று லேத்காரர் கெஞ்சினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கேஜை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, ஆனால் வீட்டிலும் அதே கணக்குதான் என்று அவர் மனைவி சாவித்ரி சொல்வாள்.

அவருடைய அப்பா குடியாத்தத்திலிருந்து புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். கோவிந்தராஜ் பிறந்தது, படித்தது, சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டது எல்லாம் புனேயில்தான். வெளியே இந்தியும் மராட்டியும் தண்ணீர்பட்ட பாடு. வீட்டுக்குள் காலை வைத்தால் குடியாத்தம் வந்துவிடும். மீன் என்றால் மனிதருக்கு உயிர். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் ஆளே வேறு. முதல் தேதி விடிவதற்குள் மீன் சட்டி கழுவப்பட்டு பரணுக்குப் போய்விடும். அந்த மாதம் முழுக்க ஒரு முட்டைகூட அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டாது.

அதற்குக் காரணம் உண்டு. மகள் வைஷு பிறந்த சில நாட்களில் புரட்டாசி வந்தது. தாய்ப்பால் போதாமல் குழந்தை வாடிப்போனது. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கோவிந்தராஜ் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, இந்தப் பிள்ளை தேறினால் என் உயிர் உள்ளவரை புரட்டாசியில் இந்த வாசற்படிக்குள் கவிச்சி வராது என்று வேண்டிக்கொண்டார். அடுத்த வாரமே சாவித்ரிக்குப் பால் ஊறியது, பிள்ளை தேறியது. இன்று அந்தப் பிள்ளை ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறது, அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறது, தமிழைத் தடுக்கித் தடுக்கிப் பேசுகிறது. கோவிந்தராஜ் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார். சாவித்ரி அப்போதெல்லாம் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

இப்போது துளசிக்கு வருவோம். துளசி ஒரு பூனை. சாம்பலும் வெள்ளையும் கலந்த உடம்பு, ஒரு காதில் சின்னக் கிழிசல். அடைமழை நாளொன்றில் மாடிப்படி ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, கோவிந்தராஜின் மடியில் ஏறி உட்கார்ந்து, அதன்பிறகு போகவேயில்லை. அந்த வருடம் புரட்டாசி வந்தபோது சாவித்ரிக்குத்தான் கவலை, மீன் இல்லாமல் பூனை என்ன செய்யும் என்று. துளசியோ தயிர்சோற்றை இரண்டு வாய் நக்கிவிட்டுச் சாந்தமாகப் படுத்துக்கொண்டது. மாதம் முழுக்க அப்படித்தான். இளைக்கவும் இல்லை, முகம் வாடவும் இல்லை. மாதக் கடைசியில் பார்த்தால் ஒரு சுற்று பெருத்திருந்தது.

கோவிந்தராஜுக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டுப் பூனை புரட்டாசி விரதம் இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைக்கு வந்த தமிழர்களிடமெல்லாம் சொன்னார். வருடா வருடம் முதல் சனிக்கிழமை பஜனை அவர் வீட்டில்தான். பஜனையை நடத்துகிறவர் விஸ்வேஸ்வரன், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆசாரத்தில் கறார் பேர்வழி. அவரே போன வருடம் துளசியின் தலையைத் தொட்டு, பூர்வஜென்ம வாசனை என்றார். அன்றிலிருந்து துளசியை கோவிந்தராஜ் பூனை என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். அவள், இவள்தான்.

இந்த வருடம் புரட்டாசிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதம் முழுக்க விடப்போகும் மீனை ஒரே நாளில் தின்று தீர்க்கிற நாள். கோவிந்தராஜ் பாங்டா மீன், நம் ஊர்க் கானாங்கெளுத்தி, வாங்கி வந்தார், சாவித்ரி பாதியைக் குழம்பு வைத்துப் பாதியை வறுத்தாள், நிறைமாத வயிறோடு இருந்த துளசிக்கு நாலைந்து தலைகள் கிடைத்தன. அன்று சாயங்காலம் அவளைக் காணோம். தேடினால், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், சனிக்கிழமைகளில் கட்டுவதற்காக அவர் மடித்து வைத்திருந்த மஞ்சள் வேட்டியின் மேல் மூன்று குட்டிகளோடு படுத்திருந்தாள். நேர் மேலே பெருமாள் படம். கோவிந்தராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய வீட்டில் இவளுக்கு இந்த இடம்தான் தோன்றியிருக்கிறது பார் என்றார். வீடு இரண்டே அறைதான், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அரண்மனையாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை புரட்டாசி. துளசிக்குத் தயிர்சோறு. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பால் வைத்தார்கள், குடித்தாள், வயிற்றால் போயிற்று. புதன்கிழமை அவளுடைய முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. குட்டிகள் ஓயாமல் கத்தின. அவற்றில் கடைசிக் குட்டி, கறுப்பு, மற்ற இரண்டும் முட்டித் தள்ளும்போது ஒதுங்கிப் படுத்துக் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஜம்மென்று விரதம் இருந்தவளுக்கு இந்த வருடம் என்ன ஆயிற்று என்று கோவிந்தராஜுக்கு விளங்கவில்லை.

விளக்கியது எதிர் வீட்டு சுரேகா. அதே மாடியில் எதிரெதிராக இரண்டே வீடுகள், நடுவில் நாலு தப்படி அகலத்தில் ஒரு தளம். சுரேகா மராட்டிக்காரி, சாவித்ரியின் வயது, கோவிந்தராஜ் அவளை வஹினி என்பார், அதாவது அண்ணி. வியாழக்கிழமை காலையில் தன் வீட்டுக் கணபதியின் பிரசாதமாக மோதகத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், குனிந்து துளசியைப் பார்த்து, அடடா, எங்கள் மனி இப்படி இளைத்துப் போனாளே என்று உச்சுக் கொட்டினாள். அவள் வீட்டில் துளசிக்கு மனி என்று பெயர். ஷ்ராவண மாதம் முழுக்க இவள் எங்களோடு விரதம் இருந்தாள், வருடா வருடம் இருப்பாள், வெறும் பாலும் பாக்ரி ரொட்டியும்தான், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் இவளைப் பார்த்துக் கும்பிடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னாள்.

கோவிந்தராஜ் மோதகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஷ்ராவணத்தில் விரதமா? ஷ்ராவண மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் இந்த வீட்டில் ஆட்டெலும்பைக் கடித்த சத்தம் அவர் காதிலேயே இருந்தது. அவர் அதைச் சொன்னார். சுரேகா வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, கணபதியைக் கரைத்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் மீன்தானே, இவள் இரண்டு வேளையும் வந்துவிடுவாளே, உங்கள் வீட்டில் அந்த மாதம் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள்.

சாவித்ரி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சுரேகாவும் சேர்ந்துகொண்டாள். விஷயம் இதுதான். மராட்டிக்காரர்களுக்கு ஷ்ராவணம் தொடங்கிக் கணபதி கரையும்வரை கவிச்சி கிடையாது. அது முடிகிற சமயத்தில் தமிழர்களுக்குப் புரட்டாசி. துளசி அந்தக் கணக்கை எப்போதோ கண்டுபிடித்து, ஒரு வீட்டில் விரதம் என்றால் எதிர் வீட்டில் விருந்து என்று வாழ்ந்திருக்கிறாள். கோவிந்தராஜ் தன் ஆட்களிடம் பீற்றிக்கொண்டார், சுரேகா தன் சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டாள், ஒருவர் பீற்றியது மற்றவர் காதுக்கு எட்டவில்லை. இந்த வருடம் மராட்டிப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் என்று ஒரு மாதம் கூடுதலாக வந்து பண்டிகைகள் எல்லாம் தள்ளிப்போனதால் கணபதியும் புரட்டாசியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன. இரண்டு வீட்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் மீன் இல்லை. அதுவும் அவள் பிள்ளை பெற்ற வாரத்தில்.

கோவிந்தராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆனால் சோர்ந்து உட்காருகிற ஆள் அவர் இல்லை. இப்போது என்ன, இவளுக்கு ஏற்ற சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதானே, அது என் தொழில் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். நாசிக் பாட்டா சந்திப்புப் பக்கம் ஒரு கடை, நாய்க்கும் பூனைக்கும் வேண்டியதெல்லாம் விற்கிற இடம். உள்ளே நுழைந்ததும் அவருக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. அலமாரி அலமாரியாகப் பாக்கெட்டுகள். கொழுத்த பூனைக்கு ஒன்று, கிழப் பூனைக்கு ஒன்று, வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு ஒன்று. எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மீன் அல்லது கோழி. ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று சொல்லிக்கொண்டே கடைசி அலமாரிக்குப் போனபோது பச்சைப் புள்ளி போட்ட ஒரு பாக்கெட் கண்ணில் பட்டது. சுத்த சைவம். அதில் நாய் படம்தான் போட்டிருந்தது. படத்தைப் பார்த்தா சாப்பிடப் போகிறாள் என்று அவர் பெரிய பையாகவே வாங்கினார்.

துளசி அதை முகர்ந்தாள். ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு முன்னங்காலால் தரையைப் பிறாண்டி, மலத்தை மண்ணால் மூடுவதுபோல அந்தத் தட்டை மூடப் பார்த்தாள். சாவித்ரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்தது மீல்மேக்கரை வேகவைத்து உதிர்த்து வைத்தார். அதையும் மூடினாள். பனீர் வைத்தார். அதில் ஒரு துண்டை மட்டும் மரியாதைக்கு என்பதுபோலத் தின்றுவிட்டுக் குட்டிகளிடம் போய்ப் படுத்தாள். கறுப்புக் குட்டி பால் தேடிச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, குட்டிகளை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். டாக்டர் சின்ன வயதுப் பெண், வீடியோவை இரண்டு முறை பார்த்தாள். விரதம் பற்றியெல்லாம் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, பூனை மனிதனும் இல்லை, நாயும் இல்லை, அதற்குத் தேவையான ஒரு சத்து மாமிசத்தில் மட்டும்தான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் நாளாக ஆகக் கண்ணும் இதயமும் கெடும் என்றாள். பால் கொடுக்கிற பூனைக்குச் சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும். குட்டிகளுக்கென்று விற்கிற பாக்கெட் உணவுதான் தாய்க்கும் ஏற்றது, உடனே பழகாவிட்டால் உப்பு, காரம், வெங்காயம் எதுவும் இல்லாமல் மீனோ கோழியோ வேகவைத்து, முள்ளெடுத்து, அதோடு கலந்து கொடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். குட்டிகளை விட்டு அவள் தூரம் போக மாட்டாள், அதனால் படுத்திருக்கிற இடத்திலேயே வைக்க வேண்டும். கறுப்புக் குட்டி இன்றும் நாளையும் தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

குட்டிகளுக்கான பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். அதிலும் மீன் இருந்தது. வாசற்படிக்கு வெளியே, நடுத் தளத்தில் உட்கார்ந்து, வெந்நீரில் ஊறவைத்து, துளசியைக் கூப்பிட்டார். மீன் வாசம் அடித்ததும் அவள் ஓடிவந்தாள். இரண்டே வாய். உள்ளே ஒரு குட்டி முனகியது, துளசி திரும்பி ஓடிவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டார், வந்தாள், முனகல் கேட்டது, ஓடினாள். அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் கீழ்மாடிக் கடுவன் பூனை ஒன்று மிச்சத்தை வழித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. குட்டிகளையே தளத்துக்கு மாற்றிவிடலாம் என்று சாவித்ரி கூடையில் துணி விரித்து எடுத்து வைத்தாள். துளசி ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்ப் பெருமாள் காலடியில் போட்டாள்.

எப்படித் திருப்பினாலும் கேஜ் ஒரே பதிலைத்தான் சொன்னது. சாப்பாடு உள்ளே போக வேண்டும். அதுவும் பெருமாள் படத்துக்கு நேர் கீழே, புரட்டாசியில், மறுநாள் முதல் சனிக்கிழமை, சாயங்காலம் விஸ்வேஸ்வரனும் பஜனைக் கூட்டமும் வரும் வீட்டுக்குள். கோவிந்தராஜ் வாசற்படிக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரால் முடியவில்லை. வைஷுவுக்காக வைத்த வேண்டுதல். அதில் கை வைத்தால் வைஷுவுக்கே ஏதாவது ஆகிவிடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்துநாலு வயதில் மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தார்.

"பெருமாள் பாத்துக்குவாரு சாவித்ரி," என்றார். "அன்னிக்கு வைஷுக்கு இப்டித்தானே ஆச்சி. இன்னா துன்ன குடுத்தோம் உனுக்கு? ஒண்ணும் குடுக்கல. வேண்டிக்கினேன், பால் வந்துச்சி."

சாவித்ரி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். வாசற்படியை ஒட்டி, அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடமாக இந்தக் கதை வரும்போதெல்லாம் அடுப்பைப் பார்க்கப் போனவள் இன்று போகவில்லை.

"பால் சும்மா வரலீங்க," என்றாள். "உங்கம்மா பத்தியத்துக்குக் கருவாடுகூடப் போடல, புரட்டாசின்னுட்டாங்க. ரசஞ்சோறுதான். புள்ள என் மார்ல கெடந்து காத்தைக் குடிச்சிது. எதிர்வூட்டு ஆயி பாத்துட்டாங்க. நீங்க வேலைக்குப் போனதும் என்னைக் கூப்ட்டு மீன் ஆக்கிப் போட்டாங்க. தெனமும். அந்த மாசம் முழுக்க நான் அங்கதான் துன்னேன்."

எதிர்வூட்டு ஆயி என்றால் சுரேகாவின் மாமியார். இறந்து பல வருடங்கள் ஆகின்றன. கோவிந்தராஜ் எதிர் வீட்டு மூடிய கதவைப் பார்த்தார். பிறகு சாவித்ரியைப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எப்படிச் சொல்வது, நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றாள் அவள். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன், விரதத்தைக் கெடுத்துவிட்டேன், குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று அவளுடைய ஒவ்வொரு ஜுரத்துக்கும் பயந்தேன் என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

இத்தனை வருடம் தன் வாய்க்குப் போட்ட கட்டுப்பாட்டைக் காத்ததாகக் கோவிந்தராஜ் பெருமையடித்திருக்கிறார். அந்த முதல் புரட்டாசியில் பச்சை உடம்புக்காரி ஒருத்தி பசியோடு இருந்தது அவர் கண்ணில் படவேயில்லை. எதிர் வீட்டு ஆயியின் கண்ணில் பட்டிருக்கிறது.

சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு, பையை எடுத்தார். எங்கே என்று சாவித்ரி கேட்கவில்லை. பிம்ப்ரி மீன் மார்க்கெட் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய பிறகுதான் நாமம் நினைவுக்கு வந்தது. அழிக்க மனம் வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனார். கணபதி நாட்கள் என்பதால் மார்க்கெட்டில் பாதிக்கு மேல் காலி. இருந்த ஒரு மீன்காரி முன்னால் குனிந்து, பாங்டா வேண்டும், எனக்கில்லை, பூனைக்கு என்று ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னார். இந்தப் பத்து நாளாக வருகிறவர்கள் எல்லோரும் பூனைக்குத்தான் வாங்குகிறார்கள், இந்த ஊரில் இத்தனை பூனை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும் என்றாள் அவள். கோவிந்தராஜ் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்துவிட்டார்.

வீட்டு வாசற்படிக்கு வந்ததும் கால் ஒரு நொடி நின்றது. பையில் மீன், எதிரே பெருமாள். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். பரணிலிருந்து சட்டியை அவரே இறக்கினார். உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊறவைத்த பாக்கெட் உணவில் கொஞ்சம் பிசைந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் துளசியின் மூக்குக்கு முன்னால் வைத்தார். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. படுத்தபடியே, குட்டிகள் தொங்கிக்கொண்டிருக்க, தட்டைக் காலி செய்தாள். அவர் குதித்தார். நிஜமாகவே குதித்தார். பாஸ், பாஸ் என்று கத்தியதில் எதிர் வீட்டு சுரேகா கதவைத் திறந்து என்னவென்று கேட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மத்தியானத்துக்குள் நாலு தட்டு ஆயிற்று. பிறகு வீட்டைக் கழுவித் துடைத்து, ஊதுபத்தி ஏற்றி, சாவித்ரி பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கு வடையும் சர்க்கரைப் பொங்கலும் செய்தாள். அலமாரியின் கீழ்த்தட்டை மறைத்து ஒரு சேலையைத் தொங்கவிட்டாள். வந்தவர்கள் போகும்வரை பொறுத்துக்கொண்டால் போதும் என்பது அவளுடைய யோசனை.

சாயங்காலம் வீடு நிறைந்தது. வைஷு ஹடப்சரிலிருந்து பஸ் பிடித்து வந்து குட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். சுரேகாவும் வந்து வாசல் ஓரமாக உட்கார்ந்தாள். மாவிளக்கு எரிந்தது, விஸ்வேஸ்வரன் அலமாரிக்கு முன்னால் ஹார்மோனியத்தோடு, முழங்கால் வலிக்காக ஒரு காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடினார். மூன்றாவதுக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, எங்கே நம் விரதக்காரி, புதிதாக வந்தவர்கள் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். எல்லோரும் கோவிந்தராஜைப் பார்த்தார்கள். சாவித்ரி அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சேலைக்குப் பின்னாலிருந்து குட்டிகள் கத்தின. துளசி சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் தாண்டியிருந்தது. கூட்டத்தின் நடுவில் நடந்து, கோவிந்தராஜின் முன்னால் வந்து உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். விரதக்காரி பஜனை கேட்க வந்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. கோவிந்தராஜ் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். மூடி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஊதுபத்தியையும் மீறி மீன் வாசம் அறை முழுக்கப் பரவியது. சிரிப்பு நின்றது.

அவர் சேலையை இழுத்துக் கழற்றினார். குனிந்து, பெருமாளுக்கு நேர் கீழே கிண்ணத்தை வைத்தார். துளசி ஓடிவந்து வாய் வைத்தாள், மூன்று குட்டிகளும் அவளுடைய வயிற்றை மோப்பம் பிடித்து ஊர்ந்து வந்தன, கறுப்புக் குட்டிதான் முதலில் காம்பைக் கவ்வியது.

விஸ்வேஸ்வரன், அது மீனா என்று மெல்லக் கேட்டார்.

"மீனுதான் சார். நானே வாங்கியாந்தேன்," என்றார் கோவிந்தராஜ். "இவ ஒரு வருசமும் விரதம் இருந்ததில்ல. நான்தான் சொல்லிக்கினு இருந்தேன்." அவர் நிமிர்ந்து சாவித்ரியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்த வூட்ல பச்ச ஒடம்புக்காரிக்கு இனிமே புரட்டாசி கெடையாது. முன்னயே இருந்திருக்கக் கூடாது."

சாவித்ரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், ஆனாலும் அழுகை வெளியே வந்துவிட்டது. பூனை சாப்பிடுவதற்கு ஏன் அம்மா அழுகிறாய் என்று வைஷு அரைகுறைத் தமிழில் கேட்டாள். சாவித்ரி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசல் ஓரத்தில் சுரேகாவுக்குத் தமிழ் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விஸ்வேஸ்வரன் கொஞ்ச நேரம் துளசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வருமா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். ஹார்மோனியத்தைத் தூக்கி, பூனைக்கும் கிண்ணத்துக்கும் இடம் விட்டு, ஒரு சாண் தள்ளி வைத்தார். பிறகு துருத்தியை அமுக்கி மூன்றாவது பாட்டை எடுத்தார். கோவிந்தராஜ் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பின்பாட்டுப் பாடினார், கீழே டீக்கடை வரைக்கும் கேட்டது. கறுப்புக் குட்டி பால் குடித்தபடியே தூங்கிப்போயிருந்தது.